மூன்று வார்த்தைத் தந்தி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், நடுவில் ஞாபகமும் விட்டுப்போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் துணிந்து எழுதுகிறேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் தேடினாலும், எங்கள் ஊர் கேபிள்காரரைப் போல வார்த்தையை இறுக்கிப் பிடித்த மனுஷன் கிடைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஊரில் அவருக்குத் தந்தி என்று பெயர். உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. இளவயதில் தபாலாபீசில் தற்காலிகமாக இருந்து, வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவர். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு அல்லவா, அந்தப் பழக்கம் நாக்கில் ஏறி இறங்கவே இல்லை. "படம் வரல. ஏறுறேன். மோர் வைங்க." எங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் இவ்வளவுதான் பேச்சு. ஏணி கேட்க மாட்டார். கேட்டால் ஒரு வார்த்தை கூடிவிடும். தென்னை மரத்தைப் பிடித்து மாடிக்குப் போய்விடுவார்.

அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் மார்பில் அடித்துக்கொள்வார்களாம். ஒரு வீட்டில் அவர் காகிதத்தைப் பிரிப்பதற்குள் மேளத்துக்கு ஆள் போய்விட்டது. "அழாதீங்க. வேலை. விழுப்புரம்" என்று அவர் கத்திய பிறகுதான் அந்த வீட்டுப் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்தது தெரிந்ததாம். மேளக்காரர்கள் வந்தது வந்தோம் என்று அடித்துவிட்டே போனார்களாம்.

வெள்ளிமலையில் ஒரு வாத்தியாருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் "தாய் கவலைக்கிடம் உடனே வரவும்" என்று ஊரிலிருந்து தந்தி வரும். லீவுக்காக அடிக்கிற பொய்த் தந்தி. வாத்தியாருக்கும் தெரியும், லீவு கொடுப்பவருக்கும் தெரியும். இவர் மலையேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். கேட்டால், "பொய்யோ நெசமோ, ஏத்தம் ஒண்ணுதான்" என்பார்.

கேபிள் வேலைக்கு வந்த பிறகு சாவுச் சேதி மட்டும் யாருக்கும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். "அந்தக் கம்பி அழ வெச்சிது. இது சிரிக்க வெக்கிது."

அவர் வார்த்தையைக் கொட்டுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். தோளில் மாலைபோல் தொங்கும் கறுப்புச் சுருளை யாராவது கயிறு என்று சொல்லிவிட வேண்டும். "கயிறு மாட்டக் கட்டும். தாம்பு வாளிய எறக்கும். வடம் தேர இழுக்கும். சரடு கழுத்துல கெடக்கும். இது கேபிளு. இதுல சேதி போவும்." ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண் அந்த லைன்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "சேதி மேல பாவாட" என்று சாயங்காலம் வரை முனகினார்.

எங்கள் வீட்டுக்கு வரும் லைன் என் அக்கா வீட்டு மாடியிலிருந்து, கரும்புக் கொல்லையைத் தாண்டி வரும். அக்காவும் நானும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். வாய்க்கால் தண்ணீர் முறையில் அவர்கள் இருவருக்கும் சண்டை வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. ஏழு வருஷம். நடுவில் ஒரு கரும்புக் கொல்லைதான். ஆனாலும் அக்கா இருமினால் எனக்குக் கேட்காத தூரம்.

நான் ஒரு காரியம் செய்வேன். மாதத்துக்கு ஒருமுறை, என் வீட்டுக்காரர் செய்தி பார்க்க உட்காரும் நேரத்துக்கு முன்னால், டிவிக்குப் பின்னாலிருக்கும் கேபிள் பின்னைப் பிடுங்கி விடுவேன். அவர் சத்தம் போட்டுத் தந்தியைக் கூப்பிடுவார். தந்தி வந்து பின்னைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "லைன் பாக்கணும்" என்று அக்கா வீட்டுக்குப் போவார். திரும்பி வந்து, பின்னைச் சொருகிக்கொண்டே மெதுவாகச் சொல்வார். "சுகம். முட்டி வலி. முறுக்கு சுட்டாங்க." சட்டைப்பையில் கம்பி வெட்டும் கொறடாவோடு கிடந்த முறுக்கை எடுத்து வைப்பார். அக்காவுக்கும் தெரியும். அவரைக் கண்டதும், "இன்னைக்கும் புடுங்கிட்டாளா?" என்றுதான் கேட்பாளாம்.

அப்புறம் அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தந்தி வந்து சொன்னார். "கஞ்சி எறங்கல. ஒங்களக் கேட்டாங்க."

நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அவன் வாசப்படிய மிதிச்சா இங்க வராத. சாவுன்னா போலாம். பங்காளி சாவுக்குப் போவாதன்னு எவனும் சொல்ல முடியாது. அது வரைக்கும் கம்முனு கெட."

தந்தி மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்தார். தோளில் சுருள் இல்லை. வாசலில் நின்று, "பெரியக்கா தவறிட்டாங்க. உடனே வரவும்" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அவருக்குச் சோறு போட்டவள் அக்காதான். "அண்ணி" என்று ஒரு சத்தம். எழுந்து ஓடினார். தெருமுனைக் கடையில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டார். இறந்தவளுக்குப் பிறந்த வீட்டுப் புடவை போர்த்த வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த புடவையைத் தூக்கிக்கொண்டு, தலைவிரி கோலமாக நானும் ஓடினேன்.

பந்தல் இல்லை. மேளம் இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாடி, தலைய விரிச்சிப் போட்டுக்கினு வர?"

என் வீட்டுக்காரர் மாலையோடு நின்றார். அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"எனக்குத்தான வாங்கியாந்த? நல்லாத்தான் கீது. குடு."

மாட்டுக்கொட்டகையிலிருந்து அவர் அண்ணன் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அந்த வாசற்படியை மிதித்து, அழுதும் ஆகிவிட்டது. அழுததைத் திரும்ப வாங்க முடியுமா? கோபமெல்லாம் தந்திமேல் போயிற்று. "எங்க அவன்?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். மாடியிலிருந்து பதில் வந்தது.

"தந்தி தப்பு. மன்னிக்கவும்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டாள். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயே இருந்துவிட்டேன். தலை வாரினேன், கஞ்சி ஊட்டினேன். ஏழு வருஷத்துப் பேச்சையும் பேசினோம். பதினோராம் நாள் என் மடியிலேயே போனாள். யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தந்தி, தான் சொன்னதுதான் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கருமாதி அன்றைக்கு வாய்க்கால் கரையிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. என் வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டதற்கு, "வாய் பலிச்சிடுச்சி" என்று மட்டும் சொன்னாராம். நான் போய்ப் பேசியிருக்கலாம். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஆம்பிளையிடம் போய்ப் பேசிப் பழக்கமில்லை. கூச்சப்பட்டு உள்ளே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் லைனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நைனார்பாளையத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே இறந்துபோனது எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். சாவுச் சேதி சொல்ல மாட்டேன் என்றவர், தன் சேதியையும் சொல்லாமலே போய்விட்டார். நீ சொன்னதால் அவள் சாகவில்லை ஐயா, நீ சொன்னதால் நான் அவளைப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. மூன்று வார்த்தைக்கு மேல் ஆகும்தான். பொறுத்துக்கொண்டிருப்பார்.

அக்கா அன்றைக்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். அவள் வீட்டுக்காரர் பன்னிரண்டு என்கிறார். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். பன்னிரண்டுதான் என்றால், அந்த ஒரு நாளையும் அவர் கொடுத்ததாகவே எழுதிவிடுங்கள்.