ஏலத்தில் எடுத்த போலீஸ் ஜீப்

போலீஸ் ஏலத்தில் ஜீப் எடுத்தவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகும்போது தெருவில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மீதி ஆள் வண்டிக்கு அடியில் இருப்பார். நீங்கள் திரும்பி வந்து, காபி குடித்து, பேப்பர் படித்து, கறி எடுக்கக் கிளம்பும்போதும் அதே கால்கள் அதே இடத்தில் இருக்கும். தப்பித்தவறி "வண்டில வேலைங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கால்கள் வெளியே வரும். பின்னாலேயே ஆளும் வருவார். கறிக்கடை மூடிவிடும்.

முதலில் அவர் மட்கார்டை விரல் முட்டியால் தட்டிக் காட்டுவார். பிறகு நீங்கள் தட்ட வேண்டும். தட்டாமல் நகர முடியாது. "கேட்டீங்களா சத்தத்த? இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறுந் தகரமுங்க" என்பார். எப்போது ரோட்டுக்கு வரும் என்று கேட்டால், இந்த இனம் முழுக்க, பொள்ளாச்சியிலிருந்து பவானி வரைக்கும், ஒரே பதிலைத்தான் சொல்லும்: "இன்னும் ஒரே ஒரு வேலதானுங்க பாக்கி."

அந்த ஒரே ஒரு வேலை மூன்று வருடமாக மாறிக்கொண்டே இருக்கும்.

குனியமுத்தூர் கிளமென்டை எடுத்துக்கொள்வோம். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளர். நல்ல மனிதர், மெல்லிய குரல். ரேஷன் கடை வரிசையில் அவருக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருவர் நுழைந்துவிடுவார். பேக்கரியில் அவர் டீ சொன்ன பிறகு வந்த நான்கு பேர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்த கம்பெனியின் வாட்ச்மேன் இன்னமும் அவரிடம் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். இப்படிப்பட்டவர் ஒரு நாள், காவல்துறை கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மனைவி டெய்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். சும்மா பார்க்கப் போனவர்களில் யாரும் சும்மா திரும்பியதில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்தார்.

வந்த வண்டி வெள்ளை ஜீப். ஒட்டியிருந்த எழுத்துகளையெல்லாம் உரித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் பத்து வருட வெயிலில் மற்ற இடமெல்லாம் மங்கி, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாக இருந்ததால், இரண்டு பக்கக் கதவிலும் 'காவல்' என்ற எழுத்து நிழல்போலத் தெரிந்தது. ஒரு கோட்டு பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். டெய்சி முதல் நாளே அதைச் சொன்னாள்.

"பெயிண்ட் கடைசிலதான் டெய்சி. மொதல்ல மெக்கானிக்கல் முடியட்டும்."

நியாயமான பதில்தான். அடுத்த வாரம் முதன்முறையாக வண்டியை வெளியே எடுத்தபோது என்ன நடந்தது என்று தெரிந்தால் அது எவ்வளவு நியாயம் என்று உங்களுக்கும் புரியும். ஹெல்மெட் இல்லாமல் எதிரே வந்த மூன்று பேர் அப்படியே திரும்பிச் சந்துக்குள் போனார்கள். நடைபாதையை அடைத்திருந்த பானிபூரி வண்டி தானாக நான்கடி பின்வாங்கியது. பேக்கரிக்காரர் கேட்காமலேயே டீயைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார், கூடவே ஒரு தேங்காய் பன்னும். கிளமென்ட் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. நான் போலீஸ் என்று யாரிடமும் சொல்லவில்லை. வெறுமனே டீ குடித்தார். ஐம்பது வயதில் முதல்முறையாக ஆடை படியாத டீ.

அதற்குப் பிறகு மெக்கானிக்கல் வேலை முடியுமா?

இந்த இனத்துக்கு உடம்பிலும் சில மாற்றங்கள் ஏற்படும். முடி ஒட்ட வெட்டப்படும். மீசை கன்னத்தை நோக்கிக் கிளம்பும். வெள்ளைச் சட்டைகள் பீரோவின் அடிக்குப் போய்க் காக்கிக்கு அக்கம்பக்கத்து நிறங்கள் மேலே வரும். கிளமென்டுக்கு மூன்றும் ஆறே மாதத்தில் வந்தன.

பாகங்களோ நாலா திசையிலிருந்தும் வந்தன. பின்சீட் பல்லடத்தில், பிராய்லர் கோழி ஏற்றிய வேனிலிருந்து கழற்றியது; வெயிலில் ஒன்றும் தெரியாது, மழை பெய்தால் கோழி நினைவுக்கு வரும். ஸ்பீடாமீட்டர் பெருந்துறையில் விபத்தான ஒரு வண்டியுடையது. எந்த வேகத்தில் போனாலும் நாற்பது காட்டும், நின்றாலும் நாற்பது காட்டும். இடது கதவு மட்டும் பழையதாகவே இருக்கட்டும் என்று விட்டார். வலது கதவும்தான். காரணம் உங்களுக்குத் தெரியும்.

மற்றவையெல்லாம் உக்கடத்துக் காயலான் கடைகளிலிருந்து, பெரும்பாலும் சாயிரா பானுவின் கடையிலிருந்து வந்தவை. கணவர் போன பிறகு கடையைத் தனியாக நடத்தும் அந்த அம்மாள், இன்ஜின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் அந்தக் கடை உத்திரத்தில் வண்டியின் கூரைமேல் பொருத்தும் தேடல் விளக்கு ஒன்று தொங்குவதை கிளமென்ட் பார்த்துவிட்டார். வட்டமானது, கைப்பிடி வைத்தது, எந்தப் பக்கமும் திரும்புவது. அதற்கு மாற்றாகத் தன் ஜீப்பின் ஸ்டார்டர் மோட்டாரையே கழற்றிக் கொடுக்கத் துணிந்தார். வண்டி ஒரு முறை கிளம்ப மறுத்ததாம், மோட்டார் பழசாகிவிட்டதாம்.

சாயிரா பானு மோட்டாரைக் கையில் உருட்டிப் பார்த்தார். "இது நல்லா இருக்குதுங்ணா. பேட்டரி ஒயர் லூசா இருந்திருக்கும். இதக் கழட்டிப்போட்டு எத மாட்டப் போறீங்க?"

வேறொரு வண்டியின் ஸ்டார்டரை மாட்டப் போவதாகச் சொன்னார். அது பத்துக்கு ஏழு தடவை வேலை செய்தது. விளக்கு பத்துக்குப் பத்து தடவை எரிந்தது. அதை வைத்துக்கொண்டு எதைத் தேடினார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் அவருடைய அக்கா மகள் டீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணை வீட்டிலிருந்து கோயிலுக்கு அழைத்துவருவது தாய்மாமன் பொறுப்பு என்பது அந்தக் குடும்பத்தில் பாட்டன் காலத்து வழக்கம். அக்கா வாடகைக்குப் பெரிய கார் ஏற்பாடு செய்கிறேன் என்றதற்கு கிளமென்ட் அடிபட்டவர்போலப் பார்த்தார். தாய்மாமன் வீட்டில் வண்டி நிற்கும்போது வாடகை வண்டியா? டீனா சின்ன வயதிலிருந்து மாமனிடம் செல்லம். "மாமா வண்டியிலயே வாரேன். ஆனா நேரத்துக்குக் கொண்டுபோயிடுங்க" என்றாள்.

நேரம் முக்கியம்தான். டவுன் கோயிலில் பத்து மணிக்குத் திருமணம். பதினொன்றரைக்கு இன்னொரு ஜோடி. பத்தரைக்குள் பெண் வந்து நிற்காவிட்டால் மாலை நான்கு மணிக்குத்தான் என்று ஃபாதர் முன்பே சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெருந்துறையிலிருந்து இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். பிரியாணி ஒரு மணிக்குத் தயார். நாலு மணிக்குத் தாலி கட்டினால் அந்தப் பேச்சு டீனாவின் பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் ஓடும்.

அன்று காலை மூன்றாவது முயற்சியில் வண்டி கிளம்பியது. முதல் நாள் மழை பெய்திருந்தது. பின்சீட்டில் வெள்ளைப் பட்டில் டீனா, பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே மூக்கை வைத்தபடி டெய்சி. ஆத்துப்பாலத்தை நெருங்கும்போது நெரிசல். ஆனால் நெரிசல் இந்த வண்டியைக் கண்டதும் இரண்டாகப் பிளந்தது. பைக்குகள் ஒதுங்கின. ஆட்டோக்கள் ஒதுங்கின. ஒரு டவுன் பஸ்கூட ஒதுங்கியதுபோல கிளமென்டுக்குத் தோன்றியது. அக்கா மகள் பார்க்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தார். அந்தக் காட்சியை முழுதாக அனுபவிக்க வேண்டும் என்று, மூன்றாம் கியரில் இருந்த வண்டியைக் கியர் மாற்றாமலேயே மெல்ல, இன்னும் மெல்ல, ஊர்வலம்போல உருட்டினார்.

இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. மீட்டர் மட்டும் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

சாவியைத் திருகினார். டக். மறுபடி திருகினார். டக். பத்துக்கு மூன்று என்பது இன்றைக்கென்று வந்து வாய்த்தது.

தள்ளினால் கிளம்பிவிடும் வண்டிதான். நான்கு பேர் போதும். நம் ஊரில் நடுரோட்டில் வண்டி நின்றால் கேட்காமலேயே நான்கு பேர் வருவார்கள்; கேட்டால் எட்டுப் பேர். ஆனால் இந்த வண்டி சாலையின் குறுக்கே சாய்வாக நிற்கிறது. கதவில் காவல் என்று தெரிகிறது. பக்கத்தில் முறுக்கிய மீசையோடு ஒருவர் இறங்கி நின்று வருகிறவர்களையெல்லாம் கை காட்டி நிறுத்தப் பார்க்கிறார். நீங்களாக இருந்தால் நிற்பீர்களா? தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவர் பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். பத்து நிமிடத்தில் ஆத்துப்பாலம் பந்த் நாள்போல ஆகிவிட்டது. டெய்சி செல்போனில் ஆட்டோ கூப்பிட்டாள். ஆட்டோ கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்தது, ஜீப்பைப் பார்த்தது, பயணத்தை ரத்து செய்தது. கோயிலில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒழுக்கமாகப் போனை அணைத்து வைத்திருந்தார்கள்.

மணி பத்தைத் தொட்டிருந்தது.

"ஏனுங்க, அந்த எழுத்த அழிங்க அழிங்கன்னு மூணு வருசமாச் சொன்னேன்" என்றாள் டெய்சி. டீனா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "நடந்தா எவ்வளவு நேரமாகும் மாமா?" என்று மட்டும் கேட்டாள். கிளமென்டுக்கு அந்த நிமிடத்தில் ரேஷன் கடை வரிசையின் கடைசியில் நிற்பதுபோல் இருந்தது.

அப்போது நிஜமான போலீஸ் வண்டி ஒன்று வந்தது. அதன் டிரைவர் சீட்டிலிருந்து ஏட்டு செல்லாத்தாள் இறங்கினார். கிளமென்டைப் பார்க்கவில்லை. ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார், பானட்டில் கை வைத்தார்.

"நாலு வருசம் நா ஓட்டுன வண்டிங்க இது" என்றார். "பிரேக்கு பிடிக்காது, ஏசி வராது, மழை வந்தா உள்ள ஒழுகும். ஆனா ஸ்டார்டர் மட்டும் ஒரு நாளும் எங்களக் கைவிட்டதில்ல. சாவியத் திருகுங்க, ஒரே அடில எடுக்கும்."

கிளமென்ட் திருகினார். டக்.

செல்லாத்தாள் குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து கூரைமேல் இருந்த விளக்கைப் பார்த்தார். "அந்த ஸ்டார்டரயா மாத்திப்போட்டீங்க?"

நேராக, ஜீப் கண்ணில் படாத திருப்பத்தில் போய் நின்றார். ஐந்து நிமிடத்தில் ஹெல்மெட் இல்லாத ஆறு பேர் மாட்டினார்கள். "அபராதம் கட்டறீங்களா, வண்டி தள்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். மணப்பெண் உள்ளே இருக்க, ஆறு பேரும் ஜீப்பைத் தள்ளினார்கள். இரண்டாம் கியரில் வண்டி உயிர்பெற்றது. பின்னாலிருந்து செல்லாத்தாள் குரல் வந்தது: "ஊட்டு விசேசம்னு இன்னைக்கு விடறேனுங்க. ஒரு வாரத்துல அந்த எழுத்து தெரியக்கூடாது."

பத்து இருபத்தொன்பதுக்கு டீனா கோயில் படி ஏறினாள். காலில் செருப்பு இல்லை, யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே ஜீப்புக்கு டீனா தேர்ந்தெடுத்த கிளிப்பச்சை நிறம் அடிக்கப்பட்டது. தேடல் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளமென்ட் உக்கடத்துக்குப் போனபோது, பழைய ஸ்டார்டர் மோட்டார் துடைத்துத் தனியாக ஒரு அலமாரியில் இருந்தது. "வருவீங்கன்னு தெரியும்ங்ணா" என்றார் சாயிரா பானு. இப்போது ஒரே அடியில் வண்டி எடுக்கிறது. யாரும் ஒதுங்குவதில்லை. பேக்கரிக்காரர் "கொஞ்சம் ஓரமாப் போடுங்ணா வண்டிய" என்கிறார். டீ ஆறித்தான் வருகிறது. மீசையை மட்டும் கிளமென்ட் வைத்திருக்கிறார். அதில் இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கியாம்.

சிரித்தீர்களா? நல்லது. அப்படியே உங்கள் வண்டியின் முன்கண்ணாடியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வக்கீலுக்குப் படிப்பதாகச் சொன்ன மச்சான் படிப்பையே விட்டுவிட்டான். பத்திரிகையில் இருந்த சித்தப்பா ரிட்டையர் ஆகி எட்டு வருடம். ஸ்டிக்கர் மட்டும் அங்கேயே இருக்கிறது, இல்லையா? வெந்நீரில் நனைத்துச் சுரண்டினால் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும்.

என்ன, மொதல்ல மெக்கானிக்கல் முடியட்டும் என்கிறீர்களா?