பதினோரு டீச்சரும் ஒரு சாரும்

ஓசூர்,
12.8.1989

சிங்காரப்பேட்டை தொடக்கப் பள்ளி ஆசிரியரும் என் மனைவி தாஹிராவின் அண்ணனுமாகிய மச்சான் லால் பாஷா அவர்களுக்கு, கௌஸ் மொய்தீன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

இத்துடன் மனமொத்த மாறுதல் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். தாங்கள் என் இடத்துக்கும் நான் தங்கள் இடத்துக்கும் மாறச் சம்மதம் என்று கையெழுத்திட்டு முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் நான் இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பள்ளியில் ஆறு பேர், ஆறும் ஆண்கள். பாரூர்ப் பக்கம் நாலுக்கு மூன்று. குந்தாரப்பள்ளியில் சரிபாதி. ஓசூரை நெருங்க நெருங்க ஆம்பளை வாத்தியார் குறைந்துகொண்டே வந்து, எங்கள் பள்ளியில் பதினோரு டீச்சர், நான் ஒருத்தன். டிரெய்னிங் முடித்த ஆண்களெல்லாம் ஃபேக்டரி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஷிஃப்ட் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களைக் கட்டிக்கொண்ட டீச்சர்களெல்லாம் மாறுதல் வாங்கி இங்கே வந்துவிட்டார்கள். உங்கள் பள்ளியில் பெண் குழந்தைக்கு ஜடை அவிழ்ந்தால் சார்களே பின்னிவிடுகிறீர்களாமே, தாஹிரா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஜடை பின்னினால் இடுப்பு பிடிக்காது மச்சான்.

இங்கே புளியமரத்தில் தேன்கூடா, கௌஸ் சார். வகுப்புக்குள் மாடு புகுந்ததா, கௌஸ் சார். கொடிக்கயிறு சிக்கிக்கொண்டதா, அதற்கும் கௌஸ் சார். "நீங்க ஒருத்தர்தானே சார் ஆம்பளை" என்று தலைமையாசிரியை நாராயணம்மா குழைந்து சொன்னால் எப்படி மறுப்பது? போன புதன்கிழமை ஓடு நகர்ந்து மூணாங்கிளாஸ் ஒழுகுதுன்னு ஏணி வெச்சு ஏறினேன், ஓட்டை நேரா தள்ளிட்டுத் திரும்பிப் பார்த்தா ஏணியைக் காணோம், சத்துணவு சாந்தம்மா பரண்மேல இருந்த பருப்பு மூட்டையை எறக்கணும்னு தூக்கிட்டுப் போயிட்டாங்க, கத்தினா மரியாதையில்லன்னு அங்கயே உக்காந்து ஓட்டுச் சந்து வழியா புள்ளைங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடு நடத்தினேன், அதுங்களும் அண்ணாந்து பார்த்துட்டே சொல்லுதுங்க, அந்த நேரம் பார்த்தா கல்வி ஆபீஸ் ஏ.இ.ஓ. ஜீப்பு வரணும்? ஒன்றியம் ஒன்றியமா ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு எழுதிக்கிட்டு வர்றாராம். நாராயணம்மா டீச்சர்களையெல்லாம் எண்ணிக் காட்டிட்டு, கடைசியா கூரையைக் காட்டினாங்க. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு எழுதிக்கிட்டாரு. மானம் போச்சு மச்சான்.

பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. கையெழுத்தோடு வரும் கவருக்காகத் தபால்காரர் சைக்கிள் மணியையே கேட்டுக்கொண்டிருக்கும்,

தங்கள் மச்சான்,
கௌஸ் மொய்தீன்

பி.கு.: அண்ணா, தாஹிரா எழுதறேன். ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்திருக்காரு. படிச்சேன். எங்க பள்ளிக்கூடத்துல டீச்சர் பதினொண்ணு சரிதான், நானும் அதுல ஒருத்தி. ஆனா சார் ரெண்டு பேரு. ஏ.இ.ஓ.வும் ரெண்டுன்னுதான் எழுதிட்டுப் போனாரு. ஜூன் மாசமே எல்லப்பன்னு ஒரு சார் வந்துட்டாரு, ஆறடி உயரம், இருபத்தஞ்சு வயசு. மாடு அவரைப் பார்த்தாலே வெளிய போயிடுது. தேன்கூடு, கொடிக்கயிறு எல்லாம் இப்ப அவருதான். உங்க மச்சானை யாரும் எதுக்கும் கூப்பிடறதில்ல, அதான் வியாதி. புதன்கிழமை ஏணியில கால் வெச்ச எல்லப்பன் சாரை இழுத்து விட்டுட்டு இவரு ஏறினாரு. கடைசியில தோள்ல தூக்கி எறக்கினதும் அவருதான். அன்னிக்குச் சாயங்காலமே இந்த விண்ணப்பம்.

ரெண்டுல ஒருத்தரா இருக்கவே இப்படி வாடறாரு, உங்க ஊருக்கு வந்தா ஆறுல ஒருத்தர். அதை யோசிக்கவேயில்ல. என்னையும் யோசிக்கல. இவரு இல்லாம இந்த ஊர்ல நான் எப்படி இருப்பேன்? கையெழுத்துப் போடாதீங்கண்ணா. நாராயணம்மா டீச்சர்கிட்ட பேசிட்டேன், எல்லப்பன் சாரும் சரின்னுட்டாரு. திங்கக்கிழமையிலிருந்து அவருக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுத்தும்.