கானில் நான் தேடிய வைரஸ்

கோபமாகத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அதைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள். "அநியாயம்" என்று ஒருவராவது சொன்னதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பதுளைப் பக்கம், தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். (இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.) அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. மலையில் நின்று வேலை வாங்குவதும், வந்தவர்கள் பெயரைப் பதிவதும் அவர் உத்தியோகம்.

எங்களுக்குக் கிருமிகளைப் பற்றிப் படிப்பித்த மேடம் ஒருநாள் ஒரு புதினமான செய்தி சொன்னார். வைரஸ் என்றால் நோய் தருவது என்றுதானே நினைத்திருந்தோம்? நோய்க்கிருமியையே கொல்லும் வைரஸும் உண்டாம். அது கிருமியின் மேல் உட்கார்ந்து தன் மரபணுவை ஊசி போடுவதுபோல உள்ளே செலுத்திவிடும். அதற்குப் பிறகு கிருமி தன் சொந்த வேலையை மறந்து வைரஸுக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்கும். கடைசியில் வெடித்துச் சாகும். இதை மருந்தாக்க முடியுமா என்று சில நாடுகளில் ஆராய்கிறார்கள் என்றார் மேடம்.

"விடுமுறைக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு போத்தல் கொண்டு போங்கள். ஊரில் உள்ள மிக மோசமான அழுக்குத் தண்ணீரை எடுத்து வாருங்கள். வயிற்றுக்கடுப்பு எங்கே இருக்கிறதோ, அந்தக் கிருமியைத் தின்கிற வைரஸும் அங்கேதான் இருக்கும். சுத்தமான தண்ணீருக்குப் பரீட்சைப் புள்ளி கிடையாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கொழும்புப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் பத்தாம் நம்பர் லயத்துக் கானோடு (தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் என்றும் சாக்கடையைக் கான் என்றும் எங்கள் பக்கம் சொல்வோம்) போட்டி போட இந்த நாட்டில் வேறு எது உண்டு? நான் பிறந்த நாளிலிருந்து அது அடைத்துக்கொண்டுதான் கிடந்தது. தோட்டத்தை நடத்த வந்த மூன்று துரைமாரிடம் அப்பா சொல்லிப் பார்த்துவிட்டார். தொழிற்சங்கம் மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டது. அந்த வருடம் லயத்தில் பாதிப் பேருக்கு இரத்தக் கடுப்பு. செல்லாயி அக்காவின் மூன்று வயது மகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டிஸ்பென்சரி மாத்திரை கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு மருந்து நான்தான் கண்டுபிடிக்கப்போகிறேன் என்று மனதார நம்பினேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஊருக்கு வரும்போது ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட்டையும் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு போத்தல்களோடு புறப்பட்டபோது அம்மா வாசலில் மறித்தார்.

"கான் அள்ளப் போறதுக்கு எதுக்குடி வெள்ளக் கோட்டு?"

"அம்மா, இது ஆராய்ச்சி."

(உண்மை என்னவென்றால், நாலு பேர் பார்க்க வேண்டும்.)

நாலு பேர் இல்லை, லயமே பார்த்தது. நீளக் கம்பின் நுனியில் சிரட்டையைக் கட்டிக் கானுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். செல்லாயி அக்கா இடுப்பில் மகளோடு வந்து நின்றார்.

"ஏன் பாக்கியம், இதுக்கா ஒங்கப்பா ஒன்ன அம்புட்டு தூரம் அனுப்புனாரு?"

"அக்கா, இந்தத் தண்ணியில ஒரு வைரஸ் இருக்கு. அது கடுப்புக் கிருமியத் தின்னுரும்."

"அப்ப எம் புள்ளைக்கு ஏன் கடுப்பு வந்துச்சு? அது தின்னாம என்னா செஞ்சுக்கிட்டு இருந்துச்சாம்?"



அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. புதுத் துரை. வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, என்னை அவர் பார்த்ததே இல்லை. வெள்ளைக் கோட்டையும் போத்தலையும் கண்டதும் அவசரமாக இறங்கி ஆங்கிலத்தில் கேட்டார்.

"கொழும்பிலிருந்து வருகிறீர்களா?"

"பல்கலைக்கழகத்திலிருந்து. மாதிரி எடுக்கிறேன்."

இதில் ஒரு சொல் பொய்யா? இல்லை. அவர் முகம் மாறியது. "முன்னறிவித்தல் இல்லாமல் வந்துவிட்டீர்களே! வாருங்கள், பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் பேசலாம்" என்றார். சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார் என்பது அப்போதே எனக்கு விளங்கியது. "நான் உங்கள் கணக்கப்பிள்ளையின் மகள்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லயத்தில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஜீப்பின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பங்களா விறாந்தையில் பிரம்பு நாற்காலி. பூப்போட்ட கோப்பையில் தேநீர். வெள்ளை விரிப்பின் மேல் என் கான் தண்ணீர்ப் போத்தல் இரண்டையும் வைத்துவிட்டு, அரை மணி நேரம் விரிவுரை நடத்தினேன்.

"வைரஸா? எங்கள் கானிலா?" துரை கோப்பையைக் கீழே வைத்தார். "எவ்வளவு இருக்கும்?"

"ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் இருக்கலாம்!" என்றேன் பெருமையோடு. அது நல்ல விஷயம் என்றும் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

"இதை யாருக்கு அறிக்கை பண்ணுவீர்கள்?"

"எங்கள் மேடத்துக்கு. நன்றாக வந்தால் சஞ்சிகையில் அச்சாகும்."

அவர் எழுந்து உள்ளே ஓடினார். டெலிபோனில் கத்துவது கேட்டது. பதுளையிலிருந்து லொறி, பிளீச்சிங் பவுடர், இருபது ஆள், இப்போதே. விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வமுள்ள துரையா என்று நான் மனம் குளிர்ந்துபோனேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும், பக்கவாட்டுப் படியில், பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு அப்பா ஏறி வந்தார்.

"சலாங்க தொரை..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். என் கையில் கோப்பை. அந்தப் படியைத் தாண்டி அப்பா ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. "பாக்கியம்? நீ ஏன் இங்க குந்தியிருக்க?"

துரை என்னைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "கணக்கப்புள்ள, இந்த நோனாவ தெரியுமா?"

"தெரியுங்க. பெத்தது நாந்தாங்க."

அதற்குப் பிறகு துரை பேசிய ஆங்கிலத்தை எங்கள் மேடம் படிப்பித்திருக்கவில்லை. என் இரண்டு போத்தலையும் ரோஜாச் செடியில் கவிழ்த்தார். அப்பா எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார். யார் செய்ததற்கு யார் விளக்கம் கொடுப்பது? நான் எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அப்பா முன்னால் நடந்தார், நான் வெள்ளைக் கோட்டோடு பின்னால்.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "கணக்கப்புள்ள பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வலிச்சிச்சா?"

இந்தக் கட்டுரையில் கோபமில்லாமல் நான் எழுதும் ஒரே இடம் இதுதான். அவர் கேட்டது சரி.

அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அது வரும்வரை அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் லொறி வந்துவிட்டது! புறப்பட்ட லொறியைத் துரையால் நிறுத்த முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்க்கிறேன், இருபது வருடமாக அசையாத கான் சலசலவென்று ஓடுகிறது. இரு கரையும் வெள்ளைவெளேரென்று பவுடர். பெண்கள் பொங்கல் நாள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் வெறும் போத்தலோடு அழுதுகொண்டிருந்தேன். அத்தனை வைரஸும் போயிற்றே! வேறு வழியில்லாமல் மிச்சம் மீதி கலங்கலை நிரப்பிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஆய்வுகூடத்தில் கிருமி படர்ந்த தட்டில் அவரவர் தண்ணீரை வடிகட்டி விட்டோம். வைரஸ் தின்ற இடம் மறுநாள் தெளிவான புள்ளியாகத் தெரியும். கொழும்புப் பிள்ளைகளின் தட்டில் ஊசி முனை அளவில் மூன்று, நாலு புள்ளி. என் தட்டில்? தட்டு முழுக்கத் தெளிவு! ஒரு கிருமி மிச்சமில்லை.

"மேடம்! உலகத்திலேயே பலமான வைரஸ் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது!" என்று கத்தினேன். பக்கத்து வகுப்பெல்லாம் ஓடிவந்தது.

மேடம் தட்டைப் பார்த்தார். போத்தலைத் திறந்து முகர்ந்தார். தும்மினார்.

"பாக்கியம், இது பிளீச்சிங் பவுடர்."

எனக்குப் புள்ளி, பூச்சியம். கிருமி செத்ததா இல்லையா என்று நான் வாதாடியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த வருடம் பத்தாம் நம்பர் லயத்தில் கடுப்பு நின்றது. செல்லாயி அக்காவின் மகள் எழுந்து ஓடத் தொடங்கினாள். பாராட்டு யாருக்கு? துரைக்கு! சுகாதாரத்தில் அக்கறையுள்ள துரை என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்ததாம்.

அடுத்த மாரியில் கான் மறுபடி அடைத்துக்கொண்டது. செல்லாயி அக்கா யாரிடமும் மனுக் கொடுக்கவில்லை. புருஷனின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வெறும் சாராயப் போத்தலோடு, ஜீப் வரும் நேரம் பார்த்துக் கான் ஓரத்தில் நின்றார். அவ்வளவுதான். மறுநாள் லொறி வந்தது. அப்பா இதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். நடந்ததற்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய முதல் நீளமான கடிதம் அது.

இப்போது நான் இருப்பது ஒரு நகரத்தில். போன மாதம் எங்கள் தெருக் கான் அடைத்துக்கொண்டது. நகரசபைக்கு ஐந்து தடவை டெலிபோன் எடுத்தும் ஆள் வரவில்லை. மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமி, வெள்ளக் கோட்ட எடுத்துத் தரவா?" என்றார். கேலியாம்!

எடுத்துத் தரச் சொன்னேன். போத்தலோடு போய் நின்றேன். பத்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மேடம், நீங்க எந்த இடத்திலயிருந்து?" என்று பணிவாகக் கேட்டார்.

"எதிர் வீட்டிலயிருந்து" என்றேன். இந்தத் தடவை வாய் வலிக்கவில்லை.

நகரசபை டிராக்டர் இன்னும் வரவில்லை.