நீலநெய்தல் இலச்சினையின் கீரி விஜயம்

மனித குலம் கண்டுபிடித்த துப்புரவுக் கருவிகளில் தலையாயது லோகோ எனப்படும் இலச்சினையே. தும்புத்தடி தேயும், மண்வெட்டி துருப்பிடிக்கும். இலச்சினையோ ஒரு குப்பையையும் தொடாமலே முழுக் கடற்கரையையும் சுத்தமாக்கிவிடும். இந்தப் பேருண்மை தெரியாத அப்பாவியாக, மன்னாரில் உயர்தரம் படிக்கும் றுஷ்தா மூன்று சனிக்கிழமைகளை வெறுங்கையால் வீணடித்திருந்தாள்.

கழுத்தில் நைலோன் வலை இறுகிச் செத்த ஆமையொன்று கீரிக் கடற்கரையில் கரையொதுங்கியதைப் பார்த்தபின்தான் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பாடசாலைச் சுற்றாடல் கழகச் செயலாளர் என்ற அதிகாரத்தால் முப்பது மாணவரைத் திரட்டி, மண்ணில் புதைந்து கிடந்த வலைகளைக் கிண்டி இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. கரையில் ஆளுயரக் குவியலொன்று எழுந்தது. அதை ஏற்றிப்போகத்தான் ட்ரக்டர் இல்லை.

'நீலநெய்தல்' தொண்டு நிறுவனத்திடம் ட்ரக்டர் இருந்தது. அதைவிட மேலாக, நீல வட்டத்துக்குள் ஆமை சிரிக்கும் இலச்சினையும் இருந்தது. கழகப் பொறுப்பாசிரியை மாக்கிறட் ரீச்சர் கடிதம் எழுதினார். நாலாம் சனிக்கிழமை ட்ரக்டர் வரும், பதிலுக்கு இலச்சினை பொறித்த பனரை மாணவர் கரையில் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. கூடவே 'இலச்சினைப் பாவனை வழிகாட்டி', முப்பத்தாறு பக்கம்.

"இதில ஆமையைப் பற்றி ஏதும் கிடக்கோ பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஓம் ரீச்சர். ஆமைக்குக் கிட்ட ஊத்தை ஒண்டும் வரப்படாதாம்."

"நல்ல விசயம்தானே!"

"கடலில இருக்கிற ஆமைக்கில்லை ரீச்சர். பனரில இருக்கிற ஆமைக்கு."

குறித்த நாளில் பனரோடும், தண்ணீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியுமாக ஒரு பரிவாரத்தோடும் வாகனத்தில் வந்திறங்கினார் நிறுவனத்தின் 'இலச்சினை ஒழுக்க அலுவலர்' ஜெகதீபன். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் கமெரா. குவியலைக் கண்டதும் மனுசன் திடுக்கிட்டுப்போனார்.

"இதென்ன தங்கச்சி?"

"குப்பை, சேர்."

"குப்பையோ! எங்கட பனருக்குப் பின்னாலயோ?"

"நாங்கள் குப்பை அள்ளத்தானே சேர் வந்தனாங்கள்?"

"அள்ளுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? படத்தில விழுத்தாதேங்கோ."

"அப்ப பனரைத் தள்ளிக் கட்டுவமே?"

"அங்கால வெளிச்சம் காணாது. குவியலைத் தள்ளுங்கோ."

"ட்ரக்டர் எப்ப சேர் வரும்?"

"ட்ரக்டருக்கு இன்னும் லோகோ ஒட்டேல்லை. ஒட்டாமல் றோட்டில விட ஏலாது."

முப்பது பேரும் ஒன்றரை மணித்தியாலம் பாடுபட்டுக் குவியலைப் படத்துக்கு வெளியே, அதாவது கடலோரத்துக்கு, இழுத்துப் போட்டார்கள். பிறகு வரலாற்றுச் சிறப்புமிக்க படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று.

"எல்லாரும் பொறுக்கிற மாதிரிக் குனியுங்கோ!"

"எதைப் பொறுக்க, சேர்?"

"குனிஞ்சாக் காணும்."

சுத்தமான மணலில் இல்லாத குப்பையை முப்பது பேரும் பயபக்தியோடு பொறுக்கினார்கள். பதினோராவது தடவை குனிந்தபோது றுஷ்தாவின் சிநேகிதி அன்ரோனெற் கத்தினாள்: "றுஷ்தா! குவியல் போகுதடி!"

வாடைக் காற்றில் அலை ஏறியிருந்தது. வலைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கடலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. மூன்று சனிக்கிழமைகளும் றுஷ்தாவின் கண்முன்னே மிதந்து போயின. வழிகாட்டியின் முப்பத்தாறு பக்கங்களிலும் இதற்கென்று ஒரு வரி இல்லை. பனரின் கயிற்றை அறுத்தாள். ஆறுபேர் அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி, வலைகளைச் சுற்றி வளைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தார்கள்.

"லோகோ நனையுது! ஐயோ, லோகோ நனையுது!" என்று கரையில் ஜெகதீபன் கதறினார். இறங்கிக் காப்பாற்ற அவருக்கும் ஆசைதான், சப்பாத்து விடவில்லை.

பாதிக் குவியல் மீண்டது. மற்றப் பாதி கடலோடு போயிற்று.

நிறுவனத்தின் அறிக்கை மறுநாளே வெளியாயிற்று: 'கீரிக் கடற்கரை நூறு வீதம் சுத்தம்.' ஆதாரமாக, குனிந்த முப்பது பேரின் படம். பாடசாலைக்கு வேறொரு கடிதம் வந்தது. இலச்சினையை நனைத்து, மடித்து, கிழித்த குற்றத்துக்கு விளக்கம் தேவை. 'மேலும், எமது இலச்சினை அனுமதியின்றி எந்தெந்த இடங்களில் காணப்படுகிறது என்ற முழு விபரத்தையும் ஏழு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். தவறின் கழகத்தைக் கலைக்கும்படி கோருவோம்.'

மாக்கிறட் ரீச்சர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி விடுவமே பிள்ளை?"

"ஏன் ரீச்சர்? அவையள் விபரம்தானே கேட்டவை. குடுப்பம்."

அடுத்த சனிக்கிழமை றுஷ்தா கொப்பியும் பேனையுமாகக் கீரிக்குப் போனாள். விடியத் தொடங்கி மத்தியானம் வரை கரை முழுக்க நடந்தாள். பின்வரும் கடிதம் திங்கட்கிழமை தபாலில் சேர்ந்தது:

'கனம் ஐயா,

தங்கள் பணிப்புரைக்கமையத் தேடிப் பார்த்தோம். தங்கள் இலச்சினை அலையில் மிதந்த நாற்பத்தேழு தண்ணீர்ப் போத்தல்களிலும், இராவணன்மீசைப் புல்லுக்குள் சிக்கியிருந்த இருபத்தொன்பது சாப்பாட்டுப் பெட்டிகளிலும், மணலில் புதைந்த ஒரு தொப்பியிலும் காணப்பட்டது. யாவும் படம் எடுத்த அன்று தங்கள் வாகனத்தில் வந்து, வாகனத்தில் திரும்பாதவை. கழகத்தின் சார்பில் ஒரு பாராட்டையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். கீரியில் நாம் இதுவரை அள்ளிய குப்பைகளில், யார் போட்டது என்று இவ்வளவு தெளிவாக அச்சடித்திருந்தவை இவை மட்டுமே.'