சகலையின் வலது கை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் பொய். என் சகலை சைக்கிள் ஓட்டும்போது நீட்டுகிற வலது கையைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான்.

குவைத்திலிருந்து வந்த கையோடு அவர் கியர் சைக்கிள் வாங்கினார். எங்கள் மனைவிகளான அக்கா தங்கை இருவர், அவர், நான் என நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினத்துக்கு சைக்கிளில் போவோம். அவர்தான் முன்னால். திருப்பம் வந்தால் கையை நீட்டுவார், பின்னால் வருகிற லாரி அப்படியே அடங்கும்.

"மச்சான் கைய நீட்டுனா லாரிக்காரனே நிக்கிறான் பாருங்க" என்பாள் என் மனைவி. (கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.)

ஒரு வாரம் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு சிக்னல் காட்டிப் பழகினேன். அடுத்த ஞாயிறு, "அண்ணே, இன்னைக்கு நான் முன்னால போறேன்" என்றேன்.

"தாராளமா போங்க தம்பி. மொதல்ல பின்னால வாற டிரைவர் மூஞ்சியப் பாருங்க, அப்புறம் கைய நீட்டுங்க. திரும்பும்போது ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கணும்" என்றார். (அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக, அதைக் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.)

தேவிபட்டினத்தில் கடலுக்குப் போகிற வலப்பக்கத் திருப்பம் வந்தது. கையை நீட்டினேன். பின்னால் வந்த பக்தர்கள் வேன் நின்றது! எதிரே வந்த ஆட்டோவும் நின்றது. இதை என் மனைவி பார்க்கிறாளா என்று திரும்பினேன். டிரைவரைப் பார்க்க ஒருதரமும் திரும்பாத கழுத்து அது. நீட்டிய கையை இறக்க மனசில்லை. இடது கை இழுத்த இழுப்பில் வண்டி இடப்பக்கம் இறங்கி, ரோட்டோரம் காயவைத்திருந்த நெத்திலிக் கருவாட்டில் என்னைக் கவிழ்த்தது.

"கை கடலுக்கு நீளுது, வண்டி ஏன்யா என் கருவாட்டுக்கு வருது?" என்று கத்தினார் கருவாட்டுக்காரம்மா.

சகலை ஓடிவந்தார். ஒரு கையால் வண்டிகளை நிறுத்தி, மறு கையால் என்னைத் தூக்கினார். அடிபட்டதா என்று என் மனைவி கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"பாத்தீகளா, ஒத்தக் கையிலயே எப்புடி நிப்பாட்டுறாக!" என்றாள்.

இன்றைக்கும் சாப்பாட்டில் ரசத்துக்குக் கையை நீட்டினால் என் மகள் கூவுவாள்: "அய்யா கைய நீட்டிட்டாக! கருவாட்ட ஒதுக்கி வைங்க!"

வீடே சிரிக்கும். சகலை இருந்தால் அவரும் சிரிப்பார். அவர் சிரிப்புதான் அழகு என்கிறாள் என் மனைவி.