டெல்பர்ட்டுக்கு எங்கே வலி?

உட்கார்ந்தால் குத்தியது. நின்றால் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதனால் டெல்பர்ட் ஸ்டக்கி சர்ச்சின் கடைசி பெஞ்சில் ஒரு பக்கப் பிட்டத்தை மட்டும் ஊன்றி, மறு பக்கத்தை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்டார்.

பிரசங்கம் முடிகிற வழியாக இல்லை. தொடை மரத்துப்போய் கொஞ்சம் அசைந்தார். இடுப்புக்குப் பின்னால், பேன்ட்டுக்குள் செருகியிருந்த கைத்துப்பாக்கியின் பிடி பெஞ்சுச் சாய்மானத்தில் இடித்தது.

டொக்.

முன் வரிசையில் நாலு தலைகள் திரும்பின.

"என்ன பண்ற?" பக்கத்தில் இருந்த மனைவி ட்வைலா உதடு அசையாமல் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமலா கதவு தட்டற சத்தம் கேக்குது?"

டெல்பர்ட்டுக்குக் காது சிவந்தது. அடுத்த அரை மணி நேரமும் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

டெல்பர்ட்டுக்கு ஐம்பத்தாறு வயது. மாட்டுத் தீவனக் கடையில் வேலை. கிழக்கு டெக்சாஸில் அந்த ஊரை விட்டு எங்கேயும் போனதில்லை, முப்பது வருஷமாக அந்தச் சர்ச்சை விட்டும் போனதில்லை. டீக்கன் என்கிற சபைப் பொறுப்பாளர் பதவிக்கு இரண்டு தடவை அவர் பெயர் அடிபட்டு, இரண்டு தடவையும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. அவரிடம் சபை ஒப்படைத்திருந்த ஒரே பொறுப்பு, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவது.

அப்படிப்பட்டவரைப் போன வாரம் பாஸ்டர் கர்டிஸ் கார் நிறுத்துமிடத்தில் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

"பிரதர் டெல்பர்ட், பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிக்கறோம். உங்க பேருதான் முதல்ல ஞாபகம் வந்துச்சு."

"என் பேரா?"

"நிதானமான ஆளு நீங்க. அன்னைக்கு நடந்த மாதிரி இன்னொரு தடவை நடந்தா, ஜனங்க சபைப் பக்கமே வரமாட்டாங்க."

டெல்பர்ட்டுக்கு டிவியில் பார்த்தது கண்முன் வந்தது. எங்கேயோ துப்பாக்கிச் சூடு நடந்த ஒரு சர்ச், வாசலில் மஞ்சள் நாடா, கட்டிப்பிடித்து அழுகிற ஜனங்கள்.

"நான் பார்த்துக்கறேன் பாஸ்டர்."

"வெறும் கண்ணால பார்த்தாத் தெரியாது. கையில சாமான் இருக்கணும். சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க. வெளிய தெரியாம வெச்சுக்குங்க, பார்த்தா சிலர் மனசு புண்படும். உபயோகிக்கத் தெரியுமில்ல?"

"எட்டு வயசுலயே அப்பா கத்துக்குடுத்துட்டாரு."

"அப்பாவா!" பாஸ்டர் வியந்துபோனார். "அந்தக் காலத்துலயே! ரொம்ப சந்தோஷம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

துப்பாக்கி வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. ட்ராய்ஸின் துப்பாக்கிக் கடையில் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சிரமம் எல்லாம் அதை உடம்பில் எங்கே வைப்பது என்பதில்தான்.

திங்கட்கிழமை காலை அதே கடைக்கு இடுப்பைத் தடவிக்கொண்டே போனார்.

"பெஞ்சுல இடிக்குதுப்பா."

ட்ராய்ஸ் சிரித்தான். "அண்ணே, இந்த ஊர்ல யார் வீட்டுக்கு வேணா போங்க. ஒத்துவராத துப்பாக்கி உறையெல்லாம் போட்டு வெச்ச அட்டைப்பெட்டி ஒண்ணு இருக்கும். உங்களுது இப்பத்தான் ஆரம்பம். முன்பக்கம் வெச்சுப் பாருங்க. பெல்ட் பக்கிளுக்குப் பக்கத்துல, பேன்ட்டுக்கு உள்ளே."

மாதிரி காட்ட ட்ராய்ஸ் சட்டையைத் தூக்கினான். அவன் வயிறு பலகை மாதிரி இருந்தது. டெல்பர்ட்டின் வயிறு அந்த மாதிரி இல்லை. தீவன மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது, கெட்டி பிளாஸ்டிக் உறையின் மேல் விளிம்பு தொப்பைக்கு அடியில் ஏறி அப்படியே கவ்விக்கொண்டது. வாடிக்கையாளர் முன்னால் அவரிடமிருந்து வந்த சத்தம், கன்று போடுகிற பசுவின் சத்தம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ட்வைலா கேட்டாள். "அதை அங்க வெச்சிருக்கியே, அது எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருக்குன்னு யோசிச்சியா?"

டெல்பர்ட் யோசித்தார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அதைக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றாள் ட்வைலா. "பாஸ்டர் கர்டிஸ் குளவியைக் கூட டம்ளர்ல புடிச்சு வெளிய விடற மனுஷன். அவரா துப்பாக்கி வாங்கச் சொன்னாரு?"

"வாய்விட்டுச் சொல்லல. சொல்ற மாதிரி சொன்னாரு."

"போய்த் தெளிவாக் கேளு."

"எப்படிக் கேக்கறது? முப்பது வருஷத்துல முதல் தடவையா என்னை ஒரு ஆளா நினைச்சிருக்காரு. எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலன்னு போய் நிக்கச் சொல்றியா?"

அடுத்த ஞாயிறு, பழையபடி இடுப்புக்குப் பின்னால்தான் வைத்துக்கொண்டு போனார். ஆராதனையின் நடுவே, சபை அலுவலகம் பார்க்கும் நெல்டா எழுந்து ஜெப விண்ணப்பங்களை வாசித்தாள். யாருக்கோ முழங்கால், யாருக்கோ கண் ஆபரேஷன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நம்ம சகோதரர் டெல்பர்ட்டுக்காகவும் வேண்டிக்கணும். அவருக்கு... உட்கார்ற இடத்துல பிரச்சினை."

டெல்பர்ட் ட்வைலாவைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் அவள்.

சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் போன வாரமே ஊர் பார்த்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் மிஸ் ஓர்லீன் அவரைத் தேடி வந்தாள். எழுபத்துநாலு வயது, கணவனை இழந்தவள், சபையில் எல்லாருக்கும் செல்லம். கையில் நடுவில் ஓட்டை உள்ள ஒரு ரப்பர் மெத்தை.

"கூச்சப்படாதே கண்ணு. எங்க ஹோமர் கடைசி ரெண்டு வருஷம் இதுலதான் உட்கார்ந்திருந்தாரு. யாருக்கும் குடுக்க மனசு வரல. நீ வெச்சுக்கோ."

அப்போதே சொல்லியிருக்கலாம், மூலமும் இல்லை மண்ணும் இல்லை என்று. ஆனால் பிறகு டொக்கென்ற சத்தத்துக்கு என்ன சொல்வது? யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க என்று பாஸ்டர் சொல்லியிருந்தாரே.

"ரொம்ப நன்றி மேடம்," என்று வாங்கிக்கொண்டார். காருக்குள் போய் அந்த மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"செத்துப்போன மனுஷனோட மெத்தை," என்றார்.

"திருப்பிக் குடுத்துடு," என்றாள் ட்வைலா.

"குணமாயிடுச்சுன்னு சொல்லிக் குடுக்கறேன். அதுக்கு முதல்ல நேரா உட்காரணும்."

நேராக உட்கார ட்ராய்ஸ் வழி சொன்னான். கணுக்கால். பட்டையால் கட்டி, பேன்ட்டை மேலே இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஞாயிறு டெல்பர்ட் மெத்தை இல்லாமல், முதுகை நிமிர்த்தி, ராஜா மாதிரி உட்கார்ந்தார். ஓர்லீன் திரும்பிப் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தாள்.

பிறகு எழுந்து நடந்தார். அங்கேதான் வினை. ஒரு காலில் ஒரு கிலோ கனம். நாலு அடிக்கு ஒரு தடவை பட்டை நழுவியது. அதை நழுவவிடாமல் காலைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகும்போது, பின்னால் நெல்டாவின் குரல் கேட்டது.

"ஐயோ கடவுளே. காலுக்கு இறங்கிடுச்சு."

அன்று சாயங்காலத்திலிருந்து, நோயாளி வீட்டுக்குச் சபையார் கொடுக்கும் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன. கோழியும் சீஸும் போட்டுச் சுட்டது, கோழி போட்ட ஸ்பகெட்டி, பீச் பழ இனிப்பு, ஒரு முழு ஹாம். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுத்தாளில் கொடுத்தவர் பெயர். புதன்கிழமைக்குள் பதினோரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஒருவர் வந்து கேட்காமலே டெல்பர்ட் வீட்டுப் புல்லை வெட்டிவிட்டுப் போனார். டெல்பர்ட் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போனால் நொண்ட வேண்டும்.

"இந்த ஸ்பகெட்டி தொண்டையில இறங்க மாட்டேங்குது," என்றார்.

"மூணு தட்டு இறங்கிடுச்சே."

"வெட்கத்துல தின்னுட்டேன் ட்வைலா. குப்பையில போட்டா அதைவிடப் பாவம்."

ட்வைலா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சபைச் சாப்பாடு. எல்லாரும் இருப்பாங்க. அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணு."

டெல்பர்ட் பண்ணிய முடிவு, வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை. "குழந்தை மாதிரி உங்களைக் கட்டிப் புடிச்சுக்கும்," என்றான் ட்ராய்ஸ். அது உண்மைதான். குத்தவில்லை, இடிக்கவில்லை, நொண்டவும் வேண்டாம். நாலு வாரத்தில் முதல் தடவையாக டெல்பர்ட் மனுஷன் மாதிரி நடந்தார். இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் ஓர்லீனிடம் மெத்தையைத் திருப்பிக் கொடுத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அது ஆகஸ்ட் மாதம். வெளியே நூற்றுநாலு டிகிரி. பட்டை தெரியாமலிருக்க மேலே கோட்டு. சாப்பாட்டுக் கூடத்தில் எழுபது பேர், அடுப்புச் சூடு, ஓடாத ஏசி. வரிசையில் நின்று சோளத்துக்கும் பீன்ஸுக்கும் நடுவே வந்தபோது கூடம் மெல்லச் சுழன்றது. கையிலிருந்த தட்டு போயிற்று. பிறகு டெல்பர்ட்டும் போனார்.

கண் திறந்தபோது தரையில் கிடந்தார். சுற்றிலும் முகங்கள்.

"கோட்டைக் கழட்டுங்க!"

"வேண்டாம்!" என்று கத்தினார் டெல்பர்ட். கோட்டை இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டார்.

"கழட்டாதீங்க, விடுங்க," என்றார் பாஸ்டர் கர்டிஸ். "எல்லாரும் வந்து கை வெச்சு ஜெபம் பண்ணுவோம்."

எழுபது பேர் நெருங்கினார்கள். தலையில் கை, தோளில் கை, முழங்காலில் கை. ஓர்லீன் சிரமப்பட்டு மண்டியிட்டு, தன் சின்னக் கையை அவர் வயிற்றின் மேல் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே உறைந்தாள். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"பாஸ்டர்," என்றாள் நடுங்கும் குரலில். "கட்டி. கல்லு மாதிரி இருக்கு. இவ்வளவு பெருசு."

கூடத்தில் ஒரு விம்மல் கிளம்பியது. புல் வெட்டிக் கொடுத்தவர் தொப்பியைக் கழற்றினார். நெல்டா ஆம்புலன்ஸுக்கு நம்பரைத் தட்டத் தொடங்கினாள். ஓர்லீன் அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஹோமருக்கும் இதே இடத்துலதான் கண்ணு," என்றாள். அவள் கண்ணீர் ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.

டெல்பர்ட்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கட்டி இல்ல," என்றார். "துப்பாக்கி."

அவர் மேலிருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின.

அவர் எழுந்து உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், கீழே கொட்டிக்கிடந்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல. மூலம் இல்ல, கால் வலி இல்ல. எதுலயும் சரியா வெச்சுக்கத் தெரியல, அவ்வளவுதான். நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணீங்க. நான் உங்க சாப்பாட்டைத் தின்னேன். செத்துப்போன மனுஷனோட மெத்தையை வாங்கி வெச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. எனக்கு முதல் தடவையா ஒரு வேலை குடுத்தாங்க, அதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியலன்னு ஆயிடுமேன்னு பயந்துட்டேன்."

ட்வைலா வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

முதலில் பேசியது ஓர்லீன்.

"அப்ப நீ சாகப்போறதில்லையா?"

"இல்ல மேடம்."

ஓர்லீன் அவர் தோளில் பளாரென்று ஒரு அறை வைத்தாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள். "பைத்தியக்காரா. வெறும் வயித்துல மயங்கி விழுந்திருக்கே. இரு, என் கையால ஒரு தட்டு நிறையக் கொண்டுவரேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பாஸ்டர் கர்டிஸ் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"துப்பாக்கியா?" என்றார். "எதுக்கு பிரதர் துப்பாக்கி?"

"நீங்கதானே பாஸ்டர். பாதுகாப்புக் குழு. சின்னதா வாங்கிக்கச் சொன்னீங்களே."

பாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நெல்டா போனை வைத்துவிட்டு, சமையலறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, டெல்பர்ட்டின் காதருகே குனிந்தாள்.

"அவரு வாங்கச் சொன்னது சாப்பாட்டுல குத்திப் பார்க்கற தெர்மாமீட்டர், டெல்பர்ட். ஓர்லீனோட உருளைக்கிழங்கு சாலட் வெயில்ல கெட்டு, மே மாசம் பாதி சபை ஆஸ்பத்திரில கிடந்தோமே, அது மாதிரி இன்னொரு தடவை ஆகக் கூடாதுன்னு."