நொதிக்கு வைத்த ஐஸ்

பிஎச்.டி. செய்கிற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தாலும் வெயில் காலத்தில் எடுக்கக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் ஓர் ஆய்வகத்தில், புரதத்தில் சர்க்கரைச் சங்கிலியை ஒட்டவைக்கும் நொதி ஒன்றைப் பிரித்தெடுக்க மல்லாடிக்கொண்டிருந்தேன். முட்டையிடும் கோழியின் முட்டைக்குழாயில் அது தாராளமாக இருக்கும். (நாங்கள் புனேயில் குடியேறிய திருநெல்வேலிச் சைவம். வீட்டில் முட்டை என்று சொன்னாலே அம்மா முகம் சுளிப்பாள்.) கொஞ்சம் சூடு பட்டாலும் நொதி செத்துவிடும்.

அந்த ஞாயிறு காலை சாங்வி பகுதிக் கோழிக்கடையில் அரைகுறை மராத்தியில் கெஞ்சிக் குழாய்களை வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்து வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டு ஆய்வகம் போவதாகத் திட்டம்.

மாலையில் வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார், ராகுகாலத்துக்குப் பயந்து காலையிலேயே வந்துவிட்டார்கள். அம்மா திணித்த பட்டுப்புடவையில் கூடத்துக்கு வந்தால், எல்லார் கையிலும் எலுமிச்சை சர்பத். கரண்ட் இல்லாத மே மாதத்தில் டம்ளருக்குள் ஐஸ் கலகலத்தது.

“ஏதும்மா ஐஸ்?” என்று அம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

“அப்பாதான் எடுத்துப் போட்டாவ. நீ கொண்டாந்த பெட்டியில நெறைய கெடக்குன்னாவ.”

அப்பா பெருமையில் இருந்தார். “பாப்பா சுகர்லதான் ஆராய்ச்சி பண்ணுதா!”

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை உயர்த்தினார்.

“குடிக்காதீங்க மாமா!”

“பயப்படாதம்மா, எனக்கு சுகர் கெடையாது” என்று ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பச்சைக் கோழி பட்ட ஐஸ். யாருக்காவது வயிறு கெட்டால்? சொன்னேன். (நொதியிலிருந்து ஆரம்பித்தது தப்பு.) எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, கோழி வந்ததும் தலைகள் நின்றன.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும், “கோழியில எதும்மா?” என்றார்.

அதையும் சொன்னேன். அவர் வாஷ்பேசினுக்கு ஓடினார்.

ஐஸ் பறிபோன பெட்டியில் நொதியும் செத்திருந்தது. மறுநாள் கைடு தலைநிமிராமல், “ஃபிர் ஸே கரோ” என்றார், எல்லாம் முதலிலிருந்து. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அந்த அளவுக்குக்கூடப் பதில் வரவில்லை.

பிறகு பெண்பார்க்க வந்த எல்லாருக்கும் அம்மா கொதிக்கக் கொதிக்கக் காபிதான் கொடுத்தாள். அதில் நாக்கு வெந்தும் எழுந்து போகாத ஒருவரைக் கட்டிக்கொண்டேன். இன்றும் அவருக்கு ஜூஸ் கொடுக்கும்போதெல்லாம் அப்பா, “தைரியமா குடிங்க மாப்ள, ஃபிரிட்ஜ் ஐஸ்தான்” என்பார். அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கிறார். நான் டம்ளர்களைக் கழுவப் போய்விடுகிறேன்.